சீசனுக்கு முன் டிஃபென்ஸிவ் லைனை எடைபோடும்போது நாம் செய்கிற தவறுகள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) பார்க்கிறவர்களிடையே ஒரே கணக்குதான் ஓடும். எதிரணியைத் தடுக்க முன்வரிசையில் நிற்கும் கனத்த ஆட்கள்தான் டிஃபென்ஸிவ் லைன்; போன வருஷ லைனில் எத்தனை பேர் போய்விட்டார்கள், எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள்? கழித்துப் பார்த்துவிட்டு "இந்த வருஷம் லைன் காலி" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். இந்தக் கணக்கு எப்படிப் பொய்த்துப்போகும் என்பதற்கு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் 2022 அணியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை, அதை வைத்தே பேசுகிறேன்.

2021 சீசனில் ஜார்ஜியா ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 10.2 புள்ளிகள்தான் கொடுத்தது, தேசியப் பட்டமும் வென்றது. அந்த லைனில் முன்னால் நின்ற டிராவன் வாக்கர், ஜோர்டன் டேவிஸ், டெவான்டே வயட் மூன்று பேரும் 2022 என்.எஃப்.எல் டிராஃப்டின் (தொழில்முறை லீக் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியின்) முதல் சுற்றிலேயே போய்விட்டார்கள், அதிலும் வாக்கர் முதல் ஆளாக. மூன்று பேர் போன லைன் என்ன ஆகும்? அடுத்த சீசனில் ஜார்ஜியா 15 ஆட்டங்களையும் ஜெயித்து, இறுதியில் டி.சி.யூ அணியை 65-7 என்று அடித்துவிட்டு மறுபடியும் பட்டத்தை எடுத்தது.

முதல் தவறு இங்கேதான். நாம் ஸ்டார்ட்டர்களை, அதாவது ஆட்டத்தைத் தொடங்குகிற ஆட்களை எண்ணுகிறோம், ஆடிய ஸ்னாப்களை எண்ணுவதில்லை (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்). 140, 150 கிலோ எடையுள்ள ஆள் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் முட்டி மோதி ஆட்டம் முழுக்க நிற்க முடியாது, அதனால் நல்ல அணிகள் எட்டு, ஒன்பது பேரை மாற்றி மாற்றி இறக்கும். ஜேலன் கார்ட்டர், நசீர் ஸ்டாக்ஹவுஸ், சயான் லோக் எல்லாம் 2021-லேயே அந்தச் சுழற்சியில் ஆடிப் பழகியவர்கள். பட்டியலில் "புதியவர்" என்று தெரிகிறவர் உண்மையில் புதியவரே இல்லை. 2022 நடுவில் கார்ட்டர் முழங்கால் காயத்தால் சில ஆட்டங்களில் இல்லை, அப்போதும் லைன் குலையவில்லை. ஆகவே உங்கள் அணியைப் பார்க்கும்போது போன நவம்பரில், ஆட்டம் இறுக்கமாக இருந்த நேரத்தில், இரண்டாம் வரிசை ஆட்கள் களத்தில் இருந்தார்களா என்று பாருங்கள். ஜெயித்து முடித்த ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தில் மட்டும் வந்தவர்கள் என்றால், அப்போது கவலைப்படலாம்.

இரண்டாவது தவறு, சாக் எண்ணிக்கையை வைத்து ஆளை அளப்பது. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை, அவர் எறிவதற்குள் வீழ்த்துவதுதான் சாக். ஜோர்டன் டேவிஸுக்கு 2021 முழுக்கச் சேர்த்து 2 சாக்தான். அந்த ஆண்டின் அவுட்லாண்ட் விருதும் (லைனின் உள்ளே நிற்பவர்களில் சிறந்தவருக்கு) பெட்னாரிக் விருதும் (சிறந்த தடுப்பு வீரருக்கு) அவருக்கே கிடைத்தன! ஏன் என்று புரிய அவருடைய பழைய ஆட்டம் ஒன்றை எடுத்து, பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். ஸ்னாப் ஆனதும் எதிரணி லைனின் நடுவில் நிற்கும் சென்டரும் அவர் பக்கத்தில் நிற்கும் கார்டும் சேர்ந்து இரண்டு தோள்களாலும் அவரை நெம்புகிறார்கள். அவர் இடுப்பைத் தாழ்த்தி, பாதத்தை ஊன்றி, ஒரு அடிகூடப் பின்வாங்காமல் நிற்கிறார். இரண்டு பேரும் அவரிடமே மாட்டிக்கொண்டதால் பின்னால் இருக்கும் லைன்பேக்கர் நகோபி டீனைத் தடுக்க ஆள் இல்லை, அவர் நேராக ஓடிவந்து பந்துக்காரரை வீழ்த்துகிறார். வீழ்த்திய கணக்கு (டேக்கிள்) டீன் பெயரில் பதிவாகும், டேவிஸ் பெயரில் எதுவுமே பதிவாகாது. கபடியில் ரெய்டரை மூலைக்கு ஒதுக்கியவர் ஒருவராகவும் பாயிண்ட் வாங்கியவர் வேறொருவராகவும் இருப்பார்களே, அதே கதைதான். டேவிஸ் மாதிரி லைனின் உள்ளே நிற்பவரை (அந்த இடத்துக்கும் டேக்கிள் என்றே பெயர்) எடைபோட, எத்தனை முறை அவருக்கு இரண்டு பேரை ஒதுக்கினார்கள், அப்போது அவர் எங்கே நின்றார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதோடு இன்னொரு குழப்பமும் உண்டு, பலரும் கவனிப்பதே இல்லை. கல்லூரி ஆட்டத்தில் சாக்கில் இழந்த தூரத்தை எதிரணியின் ஓட்டக் கணக்கிலிருந்து (பந்தோடு ஓடி எடுத்த தூரத்திலிருந்து) கழிப்பார்கள், என்.எஃப்.எல்-லில் பாஸ் கணக்கிலிருந்து (எறிந்து எடுத்த தூரத்திலிருந்து). ஒரு அணி உங்களுக்கு எதிராக 30 முறை ஓடி 150 யார்டு எடுத்தது என்று வையுங்கள், ஓட்டத்துக்கு 5 யார்டு, நிச்சயம் மோசம்தான். அதே ஆட்டத்தில் 5 சாக், 40 யார்டு இழப்பு என்றால் புள்ளிவிவரத்தில் 35 ஓட்டம், 110 யார்டு, சராசரி மூன்றே சொச்சம் என்று அழகாக வந்து நிற்கும். அந்த அழகைப் பார்த்து "ரன் டிஃபென்ஸ் பிரமாதம்" என்று நம்பி அடுத்த சீசனுக்குப் போகிறவர்கள் நிறைய பேர். சாக்கை நீக்கிவிட்டு ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலைதான்.

அப்புறம் ஆட்சேர்ப்பு நட்சத்திரங்கள், அதாவது கல்லூரிக்கு வருமுன் பள்ளி வீரர்களுக்குக் கொடுக்கும் ஐந்து நட்சத்திரம்வரையிலான மதிப்பீடு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2022-க்குச் சேர்த்த புதுமுகக் கூட்டம் தரவரிசையில் நாட்டிலேயே முதலிடம், அதில் வால்டர் நோலன், ஷெமார் ஸ்டூவர்ட் என்று லைன்மேன்களே வரிசை கட்டி நின்றார்கள். அந்த அணி அப்பலேச்சியன் ஸ்டேட்டிடம் சொந்த மைதானத்தில் 17-14 என்று தோற்று, சீசனை 5-7 என்று முடித்தது. திறமை இல்லாமல் இல்லை, நோலனும் ஸ்டூவர்ட்டும் 2025-ல் முதல் சுற்றில் போனவர்கள்தான். ஆனால் அதற்கு மூன்று வருஷம் ஆனது, அதற்குள் நோலன் ஓல் மிஸ்ஸுக்கு மாறியும்விட்டார். பதினெட்டு வயதுப் பையன், ஐந்து வருஷம் எடை தூக்கிய 22 வயது கார்டை உள்ளே நின்று சமாளிப்பது லேசான காரியமில்லை, விளிம்பில் நிற்கிற எண்ட் என்றால் வேகத்தை வைத்துக் கொஞ்சம் சீக்கிரம் ஒப்பேற்றலாம். ஜார்ஜியாவிலேயே மைக்கெல் வில்லியம்ஸ் 2022-ல் முதல் வருஷத்திலேயே ஆடினார், அவர் எண்ட். ஜோர்டன் டேவிஸோ மூன்று நட்சத்திரப் பையனாகச் சேர்ந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

போர்ட்டலில், அதாவது வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். பழைய அணியில் ஒரே இடைவெளியைக் குறிவைத்துப் பாய்ந்து பழகியவரை, எதிரில் இருப்பவரைப் பிடித்து நிறுத்தி இரண்டு பக்கமும் காவல் காக்கச் சொன்னால், கையும் காலும் புதிதாகக் கற்க வேண்டும். பழைய எண்ணிக்கை அவரோடு அப்படியே வந்துவிடாது.

ஏப்ரலில் நடக்கும் வசந்தகால ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கொண்டாடுவது, அல்லது தலையில் கை வைப்பது, இரண்டுமே வேண்டாம். பெரும்பாலும் குவார்ட்டர்பேக் தனி நிற ஜெர்ஸியில் இருப்பார், தொட்டாலே விசில், அதனால் "சாக்" எல்லாம் நடுவர் கணக்குதான். லைனையும் இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கமும் ஆட வைத்திருப்பார்கள், பயிற்சியாளர்கள் திட்டத்தையும் வெளியே காட்டமாட்டார்கள்.

எடைப் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பத்துக் கிலோ ஏற்றியிருக்கிறான்" என்பது தானாகவே நல்ல செய்தி ஆகிவிடாது. ஏறிய எடையோடு மூன்றாவது கால்பகுதியிலும் முதல் அடியை அதே வேகத்தில் வைக்கிறாரா என்பதுதான் கேள்வி, அதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

சரி, அப்படியென்றால் எப்போதுதான் தெரியும்? எதிரி யார் என்று பாருங்கள். 2022-ல் ஜார்ஜியா முதலில் ஓரிகனைச் சந்தித்து 49-3 என்று ஜெயித்தது, ஒரு டச்டவுன்கூட விடவில்லை. அந்த ஆட்டத்தில் புது லைனைப் பற்றிக் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. அடுத்த வாரம் சாம்ஃபோர்டை 33-0 என்று ஜெயித்ததில் அவ்வளவு இல்லை. உங்கள் அணியின் முதல் ஆட்டம் சின்னக் கல்லூரியோடு என்றால் ஸ்கோரை விட்டுவிடுங்கள், எதிரணிக்கு ஒன்று, இரண்டு யார்டு மட்டும் தேவைப்படும் மூன்றாவது டவுன்களை (பத்து யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதை) மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உள்ளே நிற்கிற இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்களா, முட்டி மடங்கிப் பின்னால் போகிறார்களா என்று பார்த்தால் போதும்.