பூனைக்குட்டியின் நிறத்திலிருந்து பெற்றோரைக் கணிப்பது எப்படி?

முதலில் வெள்ளையைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். வெள்ளை தனி நிறமன்று; கரு வளரும்போது முதுகுப் புறத்திலிருந்து பரவத் தொடங்கும் நிறமிச் செல்கள் போய்ச் சேராத இடமே வெள்ளையாக நின்றுவிடுகிறது. வயிறும் பாதங்களும் அடிக்கடி வெள்ளையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

எஞ்சிய ரோமம் கறுப்பு வகையா, செம்மஞ்சள் வகையா என்று பாருங்கள். சாம்பல் நிறம் கறுப்பின் வெளிறிய வடிவமே. பழுப்பு உடலில் கரும் வரிகள் ஓடும் பூனையும் கறுப்பு வகையைச் சேர்ந்ததுதான். வரிகளுக்கு இடையிலுள்ள ஒற்றை முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மஞ்சளும் கறுப்பும் மாறி மாறிப் பட்டையிட்டிருப்பது தெரியும்.

செம்மஞ்சளுக்குக் காரணமான மாற்றம் பாலினத்தைத் தீர்மானிப்பதில் பங்குள்ள எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 5,000 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருப்பதே அம்மாற்றம் என்பதை ஜப்பானிய, அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்து 2025இல் வெளியிட்டன. கணிப்புக்கு மிகவும் உதவும் செய்தி இதுதான். கடுவனுக்கு ஒரே எக்ஸ், அதுவும் தாயிடமிருந்தே வருகிறது; பெட்டைக்கோ தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு. ஆகவே செம்மஞ்சள் கடுவன் குட்டியைக் கொண்டு தந்தையின் நிறத்தைச் சொல்லவே முடியாது. பெட்டைக்குட்டி முழுச் செம்மஞ்சளாக இருந்தாலோ, இரு எக்ஸ்களிலும் அம்மாற்றம் இருந்தாக வேண்டுமாகையால், தந்தை செம்மஞ்சள் என்று துணிந்து சொல்லலாம். கறுப்புத் தாய்க்கும் செம்மஞ்சள் தந்தைக்கும் பிறக்கும் கடுவன்கள் கறுப்பு வகையாகவும், பெட்டைகள் இரு நிறமும் கலந்தும் இருக்கும்.

அந்தக் கலப்புக்குக் காரணம், பெட்டையின் ஒவ்வொரு செல்லிலும் ஏதேனும் ஓர் எக்ஸ் கருப்பருவத்திலேயே செயலிழந்துவிட, எஞ்சிய எக்ஸே அவ்விடத்தின் நிறத்தை முடிவுசெய்வதாகும். இவ்விளக்கத்தை பிரிட்டிஷ் மரபியலாளர் மேரி லயன் 1961இல் முன்வைத்தார். 2001இல் டெக்சாஸில் மூவண்ண (கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை) பெட்டை ஒன்றின் செல்லிலிருந்து நகலாக்கப்பட்ட 'சிசி' என்ற குட்டியிடம் செம்மஞ்சள் துளியும் இல்லாமற்போனது இதற்கு அருமையான சான்று; அந்தச் செல்லில் செம்மஞ்சள் எக்ஸ் செயலிழந்திருந்தது. மூவண்ணக் கடுவன் மிக அரிது. அதற்குப் பெரும்பாலும் கூடுதலாக ஓர் எக்ஸ் இருக்கும், அது மலடாகவும் இருக்கும்.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாகவே கணியுங்கள்.