இருவர் ஓட்டும் சிறு படகுக்குப் பின்காற்றுப் பாய்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணவனும் மனைவியுமாக ஓட்டும் படகில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாய் வாங்குவதுதான் முதல் தவறு. பகல் பயணத்துக்கு அந்தக் கணக்கு சரி. ஒரே ஒரு இரவு கடலில் கழிக்க வேண்டி வந்தாலும் ஒருவர் கீழே தூங்குவார், ஒருவர் மேலே காவல் இருப்பார். வேலை செய்யும் கைகள் ஒரு ஜோடிதான். அந்த ஒருவர் இருட்டில், தூங்குபவரை எழுப்பாமல், பாயை இறக்க முடியுமா? இதைக் கேட்காமல் வாங்கிய பாய்கள் எத்தனையோ படகுகளின் அணியத்து அறையில், அதாவது முன்பகுதி அறையில், பையோடு கிடக்கின்றன. எங்கள் 32 அடிப் படகிலும் ஒன்று மூன்று வருடம் கிடந்தது.

நான் பேசுவது 26 அடி முதல் 34 அடி வரையிலான, சற்றே கனமான, குடும்பமாக ஓட்டும் யாட்டுகளைப் பற்றி. இங்கிலாந்தின் தென்கரைத் துறைகளில் அடிக்கடி காணும் கன்டெஸ்ஸா 32ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த நீளம் 32 அடி, நீர்மட்டத்தில் 24 அடி, எடை ஏறத்தாழ 4,300 கிலோ. பந்தயத்துக்கென்றே செய்யப்படும் எடை குறைந்த படகுகளின் கதை வேறு.

பரப்பளவில் மயங்குவது

பின்காற்றில் ஓடும்போது கடலே சாதுவாகிவிட்டதுபோல் தோன்றும். உண்மையான காற்று 18 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), படகின் வேகம் 6 நாட் என்றால், தளத்தில் நிற்பவர்மேல் படுவது 12 நாட் மட்டுமே. அந்த இதத்தில் பெரிய பாயை ஏற்ற ஆசை வரும். ஆனால் ஒரு அலை பின்புறத்தைத் தள்ளி, படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பிவிட்டால், அதே பாயின்மேல் ஏறத்தாழ 19 நாட் அடிக்கும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், இழுப்பு இரண்டரை மடங்காகிறது. வானிலை மாறவே இல்லை. படகின் முகம் திரும்பியது, அவ்வளவுதான்.

இவ்வளவு ஆபத்தை ஏற்று என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். கனமான படகின் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அது நாட் கணக்கில் கிடைக்கும். 24 அடிக்கு ஆறரை நாட். 18 நாட் காற்றில் மெயினும் (பாய்மரத்துக்குப் பின்னுள்ள முதன்மைப் பாய்) ஜெனோவாவுமே (பெரிய முன்பாய்) படகை அந்த வரம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். அதற்கு மேல் விரிக்கும் துணி வேகமாக மாறாது. உருட்டலாகவும் சுக்கானின் பாரமாகவும் மாறும்.

ஆகவே பலூன்போல் உப்பும் ஸ்பின்னேக்கர் போன்ற பெரிய நைலான் பாய் 6 முதல் 12 நாட் வரையிலான மென்காற்றின் பாய். அந்தக் காற்றில் அது தரும் சுகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இஞ்சினை நிறுத்திவிட்டு அமைதியாக நகர்வதற்கு ஈடு எதுவும் இல்லை. மத்தியதரைக் கடலில் கோடை கழிப்பவருக்கு அது போட்ட பணத்துக்குப் பலன் தரும். கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்கு 2,700 கடல் மைல், வாரக்கணக்கில் நிலையாகப் பின்னாலிருந்து வீசும் வணிகக் காற்றில் ஓடப்போகிறவருக்கு முதல் தேவை வேறு.

கம்பம் இல்லாத பாய் நேர் பின்காற்றில் ஓடும் என்று நம்புவது

அசிமெட்ரிக் (இருபுறமும் சமச்சீரில்லாத) பாய், க்ரூஸிங் ஷூட், ஜெனேக்கர் என்று பல பெயரில் விற்கப்படும் பாய்களின் முன்முனை அணியத்தில் கட்டப்படும். பாயை வெளியே தள்ளிப் பிடிக்கும் கம்பம் வேண்டாம், அதனால் எளிது என்பார்கள். பக்கவாட்டுக் காற்றில் அது முற்றிலும் உண்மை. ஆனால் காற்று நேர் பின்னாலிருந்து வந்தால் அந்தப் பாய் மெயினின் நிழலில் விழுந்து துவளும். நிறைந்து நிற்க வேண்டுமானால் முப்பது டிகிரி ஒருபக்கம் ஒதுங்கி, பிறகு ஜைப் செய்து (பின்காற்றில் பாயை மறுபக்கம் மாற்றி) மறுபக்கம் ஒதுங்கி, வளைந்து வளைந்து போக வேண்டும். முப்பது டிகிரி ஒதுங்கினால் தூரம் 15 சதவீதம் கூடும். அட்லாண்டிக்கின் 2,700 மைல் 3,100 மைலாகும். ஆறு நாட் வேகத்தில் அந்தக் கூடுதல் தூரம் கிட்டத்தட்ட மூன்று நாள். எடை குறைந்த படகு ஒதுங்கி ஓடும்போது வேகம் கூடி இந்த இழப்பை மீட்டுவிடும். ஏற்கெனவே ஆறரை நாட் வரம்பை முட்டிக்கொண்டிருக்கும் கனமான படகால் மீட்க முடியாது.

கோட் ஸீரோவைப் பின்காற்றுப் பாய் என்று எண்ணி வாங்குபவர்களும் உண்டு. அது தட்டையாக வெட்டிய, மென்காற்றில் முன்பக்கக் காற்றுக்கும் பக்கக் காற்றுக்குமான பாய். அதைச் சுருட்டும் எளிய ஃபர்லரைப் பார்த்துவிட்டு, அகன்ற தோள் கொண்ட அசிமெட்ரிக்குக்கும் அதே கருவி போதும் என்று நினைப்பது இன்னொரு செலவு. அசிமெட்ரிக்குக்கு மேலிருந்து கீழாகச் சுருட்டும் வகை வேண்டும், முறுக்கைத் தாங்கும் வடத்தோடு. அதிலும் சுருள் நடுவே காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டு, இரவில் தானாக விரியத் தொடங்குவது உண்டு.

ஸ்னஃபர் காப்பாற்றும் என்று இருப்பது

போர்ச்சுகலின் மேற்குக் கரையில் கோடையில் வீசும் வடக்காற்றை அங்குள்ளவர்கள் நொர்ட்டாடா என்கிறார்கள். காலையில் சாதுவாக இருந்து பிற்பகலில் வலுக்கும். அப்படி ஒரு நாள், மனைவி கீழே தூங்க, பழைய அசிமெட்ரிக்கை ஸ்னஃபர் என்ற நீள உறையோடு ஏற்றியிருந்தேன். விற்றவர் ஒரு கயிற்றை இழுத்தால் உறை இறங்கிப் பாயை மூடிவிடும் என்று காட்டியிருந்தார்; அது துறையில், காற்றில்லாத காலையில். அன்று மூன்று மணிக்குக் காற்று 20 நாட்டைத் தாண்டியபோது, உறையின் வாய் நிறைந்த பாயின் தோளைத் தாண்டி இறங்கவே இல்லை. கயிறு கைக்குள் ஓடி இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்தன. மனைவி எழுந்து வந்து ஷீட்டை (பாயின் பின்முனையைப் பிடிக்கும் கயிறு) முழுக்க விட்டு, படகைத் திருப்பி, பாயை மெயினின் மறைவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் உறை இறங்கியது.

அன்று விளங்கியது இதுதான். காற்று கழிந்த பாயைத்தான் ஸ்னஃபர் மூடும். காற்றைக் கழிக்கும் வேலையை முதலில் நாம் செய்தாக வேண்டும். வள்ளத்துக்காரர் தாமான் என்று சொல்லும் அந்த ஷீட் கயிறு பின்தளத்தில் இருக்கிறது, ஸ்னஃபரின் கயிறு அணியத்தில். தனியாளாக இருந்தால் முதலில் ஆட்டோபைலட்டை ஆழமான பின்காற்றுத் திசையில் நிறுத்தி, ஷீட்டைத் தாராளமாக விட்டுவிட்டு, பிறகு முன்னே போக வேண்டும். ஸ்பின்னேக்கர் ஷீட்டின் நுனியில் முடிச்சுப் போடக் கூடாது என்பதையும் அன்றுதான் மனதில் வாங்கினேன். கைமீறினால் கயிறு முழுவதும் ஓடிப்போக வழி இருக்க வேண்டும்.

இதிலிருந்தே ஆட்டோபைலட்டின் கணக்கும் வருகிறது. பின்னாலிருந்து அலை தள்ள, பெரிய பாய் இழுக்க, படகை நேராகப் பிடிக்கும் வலு அதற்கு இல்லையென்றால் காவலில் இருப்பவர் சுக்கானை விட்டு நகர முடியாது. காற்றுத் தகடால் திசை பிடிக்கும் கருவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். மென்மையான பின்காற்றில் தகட்டைத் தள்ளுமளவுக்குக் காற்று மிஞ்சாது.

கம்பத்தைக் கடைசியாக வாங்குவது

என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. புதுப்பாய்க்குப் பெரும்பணம் கொடுக்கத் தயங்காதவர்கள், ஒரு நல்ல ஸ்பின்னேக்கர் கம்பமும் அதற்கான கயிறுகளும் வாங்க யோசிக்கிறார்கள். ஏற்கெனவே படகில் இருக்கும், சுருட்டக்கூடிய ஜெனோவாவைக் கம்பத்தால் காற்றுப்பக்கம் விரித்து, மெயினை மறுபக்கம் விட்டால், நேர்ப்பின்னாலிருந்து இருபுறமும் இருபது டிகிரி வரை படகு சீராக ஓடும். இதன் அருமை விரிப்பதில் தெரியாது, குறைக்கும்போது தெரியும்.

கம்பத்தை மூன்று கயிறுகள் தனியாகப் பிடிக்க வேண்டும். ஒன்று மேலே தாங்க, ஒன்று முன்னே இழுக்க, ஒன்று பின்னே இழுக்க. ஷீட் கம்பத்தின் நுனி வாய்க்குள் வெறுமனே ஓடும். இப்படிக் கட்டினால் கம்பம் பாயைச் சாராமல் தன் இடத்தில் அசையாமல் நிற்கும். முதலில் கம்பம், அதன்பின் பாய். இரவில் மழைமேகம் ஒன்று பின்னால் எழும்பினால் பின்தளத்தில் உட்கார்ந்தபடியே ஃபர்லிங் கயிற்றை இழுத்து ஜெனோவாவைப் பாதியாக்கலாம், முழுக்கச் சுருட்டவும் செய்யலாம். கம்பம் அப்படியே இருக்கும். மேகம் போனதும் மீண்டும் விரிக்கலாம். யாரும் அணியத்துக்குப் போகவில்லை, தூங்குபவரின் தூக்கமும் கலையவில்லை. ஆரம்பத்தில் நாங்கள் மூன்று கயிறு எதற்கு என்று மேல்கயிறு ஒன்றோடு விட்டோம். பாயைச் சுருட்டிய கணமே கம்பம் ஆடி முன்கம்பிவடத்தில் மோதியது. அந்த வடு இன்னும் இருக்கிறது.

மறுபக்கத்து மெயினின் அடிக்கட்டையான பூம் தற்செயலாகத் தளத்தைத் தாண்டி அடிக்காமல் இருக்க, பூமின் நுனியிலிருந்து அணியம் வழியாகப் பின்தளத்துக்கு வரும் தடுப்புக்கயிறு கட்டாயம் வேண்டும். பூமின் நடுவில் கட்டிய கயிறு பூமையே ஒடித்துவிடலாம்.

நீண்ட பயணத்துக்கு அடுத்த படி இரட்டை முன்பாய். ஃபர்லரில் முன்பாயின் விளிம்பைப் பிடிக்கும் ஃபாயிலில் பெரும்பாலும் இரண்டு பள்ளங்கள் இருக்கும். காலியாக உள்ளதில் இலேசான இரண்டாவது முன்பாயை ஏற்றி, இரண்டையும் இருபுறம் விரித்து, மெயினை இறக்கிவிடலாம். இரண்டும் ஒன்றாகவே சுருளும். இது பழைய யோசனை. 1933இல் பிரெஞ்சு ஓவியர் மரின்-மரி வின்னிபெல் என்ற படகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தபோது இரட்டை முன்பாய்களின் ஷீட்டுகளைச் சுக்கானோடு இணைத்து, படகு தானே திசை பிடிக்கும்படி செய்தார். இதன் குறை உருட்டல்; மெயின் தரும் நிதானம் இல்லாததால் படகு பக்கத்துக்குப் பக்கம் ஆடும், சமைப்பவர் பாடு கஷ்டம்.

பழைய பாய் வாங்கும்போது

படகின் நீளத்தைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே நீளப் படகுகளின் பாய்மர உயரம் வேறாக இருக்கும். முன்பாய் முக்கோணத்தின் (பாய்மரம், முன்கம்பிவடம், தளம் இவற்றின் நடுவிலுள்ளது) உயரத்தையும் அடியகலத்தையும் அளந்துகொண்டு போங்கள். சமச்சீர் ஸ்பின்னேக்கரின் பக்கவிளிம்புக்குப் பழைய பந்தய விதி வைத்த உச்சம் நல்ல வழிகாட்டி: அந்த இரண்டு அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 0.95ஆல் பெருக்கியது. இருவர் ஓட்டும் படகுக்கு அதைவிடக் குறைவாக இருந்தால் நல்லதே. துணியில் 0.75 அவுன்ஸ் நைலான் மென்காற்றில் நன்றாக நிறையும், 1.5 அவுன்ஸ் முரட்டுக் கைகளைத் தாங்கும். மடிப்புகளையும் மூன்று முனைகளையும் விரலால் இழுத்துப் பாருங்கள். வெயிலில் நைந்த நைலான் அங்கேதான் முதலில் கிழியும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனைக்குக் கேளுங்கள். 10 நாட் காற்றுள்ள நாளில் துறைக்கு வெளியே போய், ஒருவர் கீழே உட்கார்ந்துகொள்ள, மற்றவர் தனியாகப் பாயை ஏற்றி, ஒரு ஜைப் செய்து, இறக்கிப் பைக்குள் போட வேண்டும். கீழே இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. பிறகு இருவரும் இடம் மாறி மறுபடி செய்யுங்கள். இருவரில் உடல்வலு குறைந்தவரால் செய்ய முடிந்த பாயை வாங்குங்கள்.