பழைய காரைப் பழுது பார்ப்பதா, விற்பதா? முதலில் அடியில் பாருங்கள்

எஞ்சினுக்குச் செலவு செய்யும் முன் பட்டறையில் காரை லிப்டில் ஏற்றி, அடிப்பாகம் துருப்பிடித்து அரித்திருக்கிறதா என்று ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கதவுகளுக்குக் கீழுள்ள பகுதி, சக்கரங்களுக்கு உள்பக்கம், சஸ்பென்ஷன் பொருத்தியிருக்கும் இடங்கள், இவை முக்கியம். டங்கென்று கெட்டியாகக் கேட்டால் தாராளமாகப் பழுது பாருங்கள். சத்தம் மந்தமாக இருந்தாலோ, தகடு உதிர்ந்தாலோ அந்தப் பணத்தைப் புதிய காருக்கு வையுங்கள்.

கிளட்ச், ரேடியேட்டர், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றிவிடக்கூடியவை. வண்டியின் எலும்புக்கூடே அரித்துப்போனால் டிங்கரிங் செய்தாலும் துரு உள்ளிருந்து மறுபடி கிளம்பும், விபத்தில் தாங்கவும் தாங்காது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை வேகப்படுத்தும். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளில் மணல் அடைத்தால் இன்னும் மோசம். அதை மட்டும் அவ்வப்போது குத்திவிடுங்கள், காசே இல்லாத வேலை.

பெரிய விபத்தில் சிக்கிய வண்டிக்கும், உதிரிபாகம் கிடைக்காத மாடலுக்கும் இந்தச் சோதனை போதாது. 15 ஆண்டுப் பதிவு முடியப்போகிறது என்றால், தகுதிச் சோதனை, புதுப்பிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.