பரிணாமம் பேசும்போது வழுக்கும் சொற்கள்

"கொசுக்கள் மருந்துக்கு ஏற்பத் தங்களைத் தகவமைத்துக்கொண்டன." இப்படி ஒரு வாக்கியத்தை எங்கும் படிக்கலாம். பரிணாமம் பற்றிய குழப்பத்தில் பாதி அந்தக் 'கொண்டன'வில் ஒளிந்திருக்கிறது. தலை வாரிக்கொண்டாள், சமையல் கற்றுக்கொண்டான் என்பதுபோல, கொசு முனைந்து தன்னை மாற்றியதாக அது சொல்லிவிடுகிறது. உண்மையில் மருந்து பட்ட பெரும்பாலான கொசுக்கள் செத்தன. தற்செயலான மரபணு மாற்றத்தால் மருந்தைத் தாங்கக்கூடிய சில தப்பின. அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகள்.

இதைக் கண்முன்னே அளந்து பார்த்த இடம் ஒன்று உண்டு: பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுகளில் ஒன்றான டாஃப்னே மேஜர். உயிரியலாளர்களான பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் அங்கே ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்துவந்தார்கள். 1977-ல் மழை பொய்த்தது. சிறிய விதைகள் முதலில் தீர்ந்தன. மிஞ்சிய கெட்டி விதைகளில் முக்கியமானது, நம் ஊர் நெருஞ்சியின் உறவுச் செடி ஒன்றின் முள்காய். செருப்பில்லாமல் நெருஞ்சியை மிதித்தவர்களுக்கு அது எவ்வளவு கெட்டி என்று தெரியும். அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தர அளவுள்ள ஃபிஞ்ச் இனத்தில் சுமார் 85 சதவீதம் மடிந்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகு, வறட்சிக்கு முந்தைய சராசரியைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன் கூடியிருந்தது.

எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை. மெல்லிய அலகுள்ளவை போய்விட்டதால் சராசரி நகர்ந்தது. அலகின் அளவு பெற்றோரிடமிருந்து வருவதால் 1978-ல் பிறந்த குஞ்சுகளிடமும் அது தெரிந்தது. மாறுவது கூட்டம், தனி உயிர் அல்ல.

'வலியது வாழும்' என்று எழுதுவது அடுத்த வழுக்கல். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-ல் ஆக்கிய 'survival of the fittest' என்ற தொடருக்கு அது மோசமான தமிழ். 'தக்கன பிழைக்கும்' எவ்வளவோ மேல். எதற்குத் தக்கது என்பதுதான் கேள்வி. 1983-ல் அதே தீவில் மழை கொட்டித் தீர்த்தது, சிறு விதைகள் குவிந்தன. அடுத்து வந்த வறண்ட காலத்தில் சிறிய அலகுக்கே ஆதாயம். 2004-05 வறட்சியில் இன்னும் வேடிக்கை: இடையில் வந்து குடியேறிய பெரிய ஃபிஞ்ச் இனம் முள்காய்களைத் தின்று தீர்த்துவிட, 1977-ல் உயிர்காத்த தடித்த அலகே எமனாயிற்று.

'பரிணாம வளர்ச்சி' என்ற சொல்லையும் நான் தவிர்க்கிறேன். வளர்ச்சி என்றதும் ஏணி நினைவுக்கு வருகிறது. நாடாப்புழுவின் பரம்பரை குடலையே இழந்தது. குகை மீன்கள் பல கண்ணை இழந்தன. அதுவும் பரிணாமமே. பரிணாமக் 'கோட்பாடு' என்றால் வெறும் ஊகம் என்பவர்களுக்கு: ஈர்ப்புக்கும் கோட்பாடு என்றுதான் பெயர்.

கடைசியாக, "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்றைய குரங்குகள் ஏன் மாறவில்லை?" சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. இரண்டு கிளைகளும் ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்பது பொதுவான கணிப்பு. அந்தப் பொது மூதாதை இன்றைய சிம்பன்சியும் அல்ல. பிரிந்த நாளிலிருந்து அந்தக் கிளையும் நம்மைப்போலவே மாறிவந்திருக்கிறது.