ரெசிஸ்டரை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது?

வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முந்தைய வாரங்களில் என் கடைக்கு ஆம்ப்ளிஃபயர்கள் பழுதுபார்க்க வந்து குவியும். அப்போது உதவிக்கு வரும் ஐடிஐ மாணவர்களிடம் முதலில் சால்டரிங் இரும்பைக் கொடுக்க மாட்டேன். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பாகமான ரெசிஸ்டரைப் படிக்க, அதாவது அதன் மேலுள்ள நிறப் பட்டைகளை வைத்து அது எத்தனை ஓம் என்று சொல்லக் கற்றுக்கொள்ளட்டும். தவறான மதிப்புள்ள ரெசிஸ்டரை எவ்வளவு நேர்த்தியாகப் பற்றவைத்தும் பயனில்லை.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு: கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நடுவில் சிவப்பு முதல் ஊதா வரை வானவில்லின் வரிசைதான். இருண்ட இரண்டு நிறங்கள் அதற்கு முன்னால், வெளிறிய இரண்டும் பின்னால்.

நான்கு பட்டைகள் இருந்தால் முதல் இரண்டும் இலக்கங்கள். மூன்றாவது எத்தனை சுழியம் சேர்க்க வேண்டும் என்று சொல்லும். மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 47-உடன் இரண்டு சுழியம்: 4,700 ஓம், அதாவது 4.7 கிலோ ஓம். கடைசியில் தங்கம் இருந்தால் மதிப்பு 5 சதவீதம் கூடலாம், குறையலாம். வெள்ளி என்றால் 10 சதவீதம். மூன்றாவது பட்டையே தங்கமாக இருந்தால் பத்தால் வகுக்க வேண்டும்: சிவப்பு, சிவப்பு, தங்கம் என்பது 2.2 ஓம்.

ஐந்து பட்டையில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். இதில் முதல் மூன்றும் இலக்கங்கள், நான்காவது எத்தனை சுழியம் என்பது, ஐந்தாவது எத்தனை சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது. ஒரு சதவீத ரெசிஸ்டரில் கடைசிப் பட்டை பழுப்பு. முதல் பட்டையும் பழுப்பாக இருந்தால் எங்கிருந்து தொடங்குவது? பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு என்று படித்தால் 10 கிலோ ஓம். அதையே திருப்பிப் படித்தால் 120 ஓம். இரண்டுமே கடையில் கிடைக்கிற மதிப்புகள் என்பதால் தவறு கண்ணுக்குத் தெரியாது. கடைசிப் பட்டைக்கு முன் இடைவெளி சற்றுக் கூடுதலாக இருக்கும், அதைத் தேடுங்கள். தெளிவாக இல்லையென்றால் ஊகம் வேண்டாம், மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். போர்டில் இருப்பதை அளக்கும்போது மின்சாரத்தைத் துண்டித்து, கப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றி, ரெசிஸ்டரின் ஒரு காலைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் பக்கத்துப் பாகங்களும் சேர்ந்து அளவைக் குறைத்துக் காட்டும்.

சிவப்பையும் ஆரஞ்சையும் மஞ்சள் விளக்கொளியில் நம்பவே கூடாது. வாசலுக்கு எடுத்துச்சென்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. நம் கைக்கு அதிகம் வருபவை 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று தொடங்குபவை. 5 சதவீத ரெசிஸ்டரில் 37 என்று படித்தீர்களா? அப்படி ஒரு மதிப்பு அந்த வரிசையில் இல்லை. பெரும்பாலும் அது 27, சிவப்பு உங்களுக்கு ஆரஞ்சாகத் தெரிந்திருக்கிறது.

கருகிய ரெசிஸ்டரின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சூட்டில் சிவப்பும் பழுப்பாகிவிடும். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்றால் இடது, வலது சேனல்களில் கருகாததில் அதே இடத்தில் இருப்பதைப் படியுங்கள், மதிப்பு கிடைத்துவிடும். புதியதைப் பொருத்தும் முன் கருகிய சேனலின் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கிறதா, அதாவது உள்ளே குறுக்கே இணைந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். அது ஷார்ட் ஆகியிருந்தால் புதிய ரெசிஸ்டரும் கருகும்.