1911 பிஸ்டலின் கட்டைவிரல் சேஃப்டியைக் கைக்கு இசைவாக இழைத்தல்

1911 வகைப் பிஸ்டலைப் பயன்படுத்துவோர் பலரும் சொல்லும் குறை, அதன் இடப்பக்கத்தில், தவறிச் சுடாமல் பூட்டி வைக்கும் சேஃப்டி நெம்பு கட்டைவிரலை உறுத்துகிறது என்பதாகும். ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த இந்தத் துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. முந்தைய மாதிரியில் இல்லாத கட்டைவிரல் சேஃப்டி, குதிரைப் படையினர் கேட்டுக்கொண்டதால் சேர்க்கப்பட்டது. அன்றைய நெம்பு சிறியது, குறுகலானது. இன்று பெரும்பாலோர் கட்டைவிரலை அதன் மேலேயே வைத்துச் சுடுகிறார்கள். அதற்கென நீளமும் அகலமும் கூட்டிச் செய்யப்படும் நெம்புகளின் கூரிய விளிம்புகள்தாம் தோலைப் பதம் பார்க்கின்றன.

இங்கே சொல்லும் வேலை, துப்பாக்கி உரிமையாளர் தாமே இத்தகைய திருத்தங்களைச் செய்துகொள்வது வழக்கமாக உள்ள அமெரிக்காவை மனத்தில் கொண்டது. இந்தியாவில் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே அங்குள்ளோர் அரத்தைக் கையில் எடுக்காமல், உரிமம் பெற்ற கைவினைஞரிடம் என்ன கேட்பது என்று அறிந்துகொள்வதற்கு மட்டும் இதைப் படிக்க வேண்டும்.

நெம்பின் உறுப்புகளை முதலில் பிரித்தறிய வேண்டும். வெளியே கட்டைவிரல் அமரும் பகுதி தட்டு. சட்டகத்துக்குள் நுழையும் உருண்டைக் கம்பி அச்சு. அந்த அச்சின் அருகே, உட்புறமாக, சிறியதொரு புடைப்பு இருக்கும். நெம்பை மேலே தள்ளும்போது இந்தப் புடைப்புதான் சியரின் (ஹேமரைப் பின்னால் பிடித்து நிறுத்தும் சிறு உறுப்பு) பின்னால் வந்து நின்று, ஹேமர் எனும் சுத்தியல் விழாமல் தடுக்கிறது. இங்கே மயிரிழை அளவு உலோகம் குறைந்தாலும் சேஃப்டி போட்ட நிலையிலேயே துப்பாக்கி வெடிக்கக்கூடும். எனவே அரம் தட்டின் மீது மட்டுமே ஓட வேண்டும்; புடைப்பு, அச்சு, நெம்பை நிலையில் நிறுத்தும் சிறு வில்முளை வந்து அமரும் குழி ஆகிய மூன்றையும் தொடவே கூடாது. இதில் எந்த விதிவிலக்கும் இல்லை.

உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியாமல் உலோகத்தைத் தேய்ப்பது வீண். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே நகரும் பகுதி) இழுத்து, தோட்டா அமரும் அறை வெறுமையாக உள்ளதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிடுங்கள். பிறகு நெம்பின் மீது சிறிது உதட்டுச் சாயம் பூசி, வழக்கமாகச் சுடும் விதத்திலேயே இறுக்கமாகப் பிடித்து, நெம்பைச் சிலமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கையை விரித்தால் சாயம் ஒட்டிய இடம் தெரியும். பெரும்பாலும் கட்டைவிரல் கணுவின் கீழ் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று விழுந்திருக்கும். அது தட்டின் வெளிவிளிம்பு பதிந்த தடம். தட்டு முழுவதும் சீராகப் பதிந்திருந்தால் விளிம்பில் குறை இல்லை, அகலம்தான் மிகுதி. வலக்கையால் சுடுவோருக்கு ஆட்காட்டி விரலின் அடிக்கணுவில் சாயம் ஒட்டியிருந்தால், இருபுறமும் நெம்பு உள்ள பிஸ்டலின் வலப்பக்க நெம்பே காரணம்.

இன்னொன்றையும் இந்த நேரத்திலேயே கவனிக்க வேண்டும். கட்டைவிரலை உயர்த்தி நெம்பின் மேல் வைக்கும்போது உள்ளங்கை சற்று விலகி, பிடியின் பின்புறச் சேஃப்டி (உள்ளங்கை அழுத்தினால்தான் சுட விடுவது) முழுதாக அழுந்தாமல் போவதுண்டு. அப்போது கை தன்னையறியாமல் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது, கட்டைவிரலும் கூடுதலாக அழுத்தப்பட்டு வலிக்கிறது. இத்தகையோருக்குக் கட்டைவிரல் நெம்பை இழைப்பதால் பயன் குறைவு. பின்புறச் சேஃப்டியின் அடியில் மேடு வைத்த வகையைக் கைவினைஞரிடம் கொடுத்துப் பொருத்திக்கொள்வதே சரியான தீர்வு என்பது என் கருத்து.

நெம்பைத் துப்பாக்கியிலேயே வைத்து இழைப்பவர்களும் உண்டு. அரத்தூள் உள்ளே இறங்கி முளையின் குழாயிலும் சியரின் பக்கத்திலும் தங்கிவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடி அணிந்துகொண்டு, ஸ்லைடைக் கழற்றிவிட்டு, ஹேமரைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துங்கள். நெம்பை மேலுக்கும் கீழுக்கும் நடுவில் நிறுத்தி, மெல்ல அசைத்தபடி நேராக வெளியே இழுத்தால் அது கழன்று வரும். அந்த நொடியில் சுருள்வில்லின் விசையால் முளை தெறிக்கக்கூடும் என்பதால் ஒரு விரலால் அதை மறித்துக்கொள்ள வேண்டும். பின்புறச் சேஃப்டியைத் தாங்குவதும் இதே அச்சுதான். அது தளர்ந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லைடு இல்லாத நிலையில் ஹேமர் வேகமாக விழுந்து சட்டகத்தில் மோதினால் பழுது ஏற்படும். ஆகவே ஹேமரைக் கட்டைவிரலால் தாங்கியபடி ட்ரிகரை அழுத்தி, மெதுவாக இறக்கிவிடுங்கள்.

நெம்பைத் தோல் அல்லது அலுமினியத் தகடு வைத்த கவ்வியில் பிடிக்க வேண்டும். அச்சையும் புடைப்பையும் ஒட்டுநாடாவால் சுற்றி மூடிவிடுவது நல்லது. தட்டில், சாயம் காட்டிய இடத்தைக் கருப்பு மார்க்கரால் தீட்டிக்கொண்டு, நுண்ணிய ஊசி அரத்தால் விளிம்பை 45 பாகைச் சாய்வில் ஒரே திசையில் இழையுங்கள். முன்னும் பின்னுமாக அராவினால் கோடுகள் ஆழமாக விழும். மார்க்கரின் கருமை எங்கே மறைகிறதோ அங்கே உலோகம் போகிறது என்று பொருள். சாய்வு உருவானதும் அதன் இரு மூலைகளையும் உருட்டிவிட வேண்டும். இல்லையெனில் ஒரு கூர்மைக்குப் பதில் இரண்டு கூர்மைகள் வந்து நிற்கும். பிறகு 320, 400, 600 என்ற வரிசையில் உப்புத்தாளை ஐஸ்கிரீம் குச்சியில் சுற்றித் தேய்த்து முடியுங்கள். விரல் வழுக்காமல் இருப்பதற்காகத் தட்டின் மேற்பரப்பில் வெட்டப்பட்டுள்ள வரிகளை அழித்துவிடாதீர்கள்.

அகலத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் சிறிது இழைத்து, துடைத்து, கழுவி, பொருத்திப் பிடித்துப் பார்த்து, மறுபடியும் கழற்றி இழைப்பதே முறை. இது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இழைத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. வியர்த்த விரலாலும் ஒரே தள்ளலில் கீழே இறக்கக்கூடிய அளவுக்குத் தட்டு மிஞ்ச வேண்டும். நெம்பைச் சூடாக்குவதும் வளைப்பதும் கூடவே கூடாது. முன்னது எஃகின் கடினத்தைக் கெடுக்கும், பின்னது நெம்பை முறிக்கும். வலப்பக்க நெம்பு தேவையே இல்லாதவர் ஒருபக்க நெம்புக்கு மாறலாம். ஆனால் புதிய நெம்பின் புடைப்பைச் சியருக்கு ஏற்பப் பொருத்தியாக வேண்டும் என்பதால் அது கைவினைஞரின் வேலை.

துருப்பிடிக்காத எஃகு என்றால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் ஒரே வாக்கில் தேய்த்தாலே போதும். கருநீலப் பூச்சு உள்ளதில் வெளுத்த இடத்தை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, சூடாக்கத் தேவையில்லாத பூச்சுத் திரவத்தைத் தடவி, கழுவி, எண்ணெய் இட வேண்டும்.

திரும்பப் பொருத்தும்போதும் ஹேமர் பின்னுக்கு இழுக்கப்பட்டிருக்க வேண்டும். அச்சை நுழைத்து, நெம்பை நடுநிலையில் வைத்து, மெல்லிய திருப்புளியால் முளையை உள்ளே அழுத்தியபடி தள்ளினால் அமர்ந்துவிடும். பிறகு ஸ்லைடை மாட்டி, துப்பாக்கி வெறுமையாக உள்ளதை மீண்டும் பார்த்துக்கொண்டு சோதனையைத் தொடங்குங்கள். ஹேமரை இழுத்து, சேஃப்டியை மேலே தள்ளி, பின்புறச் சேஃப்டி முழுதும் அழுந்தும்படி பிடித்து, ட்ரிகரை வழக்கத்தைவிட வலுவாக அழுத்துங்கள். ஹேமர் விழக்கூடாது, ஸ்லைடும் அசையக்கூடாது. ட்ரிகரை விட்டுவிட்டு, சேஃப்டியைக் கீழே இறக்குங்கள். அப்போதும் ஹேமர் விழக்கூடாது. இனி ஹேமரைக் காதருகே வைத்து, விரலால் மிக மெதுவாக இன்னும் சற்றுப் பின்னுக்கு இழுங்கள். சிறு ‘டிக்’ ஒலி கேட்டால், ட்ரிகரை அழுத்தியபோது சியர் சற்று நகர்ந்திருக்கிறது, புடைப்பு அதை முழுதாகத் தடுக்கவில்லை என்று பொருள். அந்தத் துப்பாக்கியில் ஒரு தோட்டாவும் ஏற்றாமல் நேராகக் கைவினைஞரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஒலி இல்லையென்றால், ட்ரிகரை அழுத்தி ஹேமர் சரியாக விழுவதையும் பார்த்துவிடுங்கள்.

இந்தச் சோதனையை முதல்முறை சுட்டு முடித்த பிறகு, துப்பாக்கியைத் துடைக்கும்போது மறுபடியும் செய்ய வேண்டும். அப்போதே கட்டைவிரலையும் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் இன்னும் சிவந்திருந்தால் உதட்டுச் சாயத்தை மீண்டும் எடுப்பதுதான் அடுத்த வேலை. அதன் தடம் தெரிவதற்கு முன் அரத்தை எடுக்க வேண்டாம்.