மாரிக்கு முன் மண்ணை மூடுதல்: வைக்கோல் பரப்பிப் புல் வளர்க்கும் முறை

வெறுமையாக விடப்பட்ட நிலம் மாரி மழையில் என்ன ஆகிறது என்பதை அறிய, புதிதாகக் கட்டிய வீட்டின் சுவரடியைப் பார்த்தால் போதும். ஒரு முழ உயரத்துக்குச் செஞ்சேறு தெறித்திருக்கும். துளி விழும் வேகத்தில் மண்துகள்கள் பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுவதால், நீர் உள்ளிறங்க வழியின்றி மேலோடி, மேல்மண்ணையும் நாம் தூவிய விதையையும் சேர்த்தே அள்ளிச் செல்கிறது. அந்தத் துளி மண்மீது நேரே விழாமல் தடுப்பதுதான் வைக்கோலின் முதல் வேலை.

திருகோணமலையில் ஒக்டோபரில் தொடங்கும் மழை நவம்பரிலும் டிசம்பரிலும் வலுக்கிறது. அதற்குச் சற்று முன்னர்தான் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வயல்களில் சிறுபோக அறுவடை முடிந்து வைக்கோல் கிடைக்கிறது. அதை எரித்துவிடாமல் எடுத்து வைக்க வேண்டும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடங்குமுன் பரப்பினால் வைக்கோல் பறந்துவிடும் என்பதால், செப்டம்பர் இறுதியே ஏற்ற காலம்.

வைக்கோலும் காய்ந்த புல்லும் ஒன்றல்ல. விதை முற்றிய புல்லை அறுத்துப் பரப்பினால் அதுவே போர்வையாகவும் விதையாகவும் அமையும். பனி உலருமுன் காலையில் அறுத்தால் விதை உதிராது. ஆனால் கினியாப்புல்லை வீட்டருகே இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. அது கோடையில் காய்ந்து எளிதில் தீப்பற்றும். சரிவுகளுக்கு அறுகே சிறந்தது. அது தண்டு ஓடி வேர்விடும் புல்லாகையால், கணுக்களுள்ள துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் நட வேண்டும்.

நடுவதற்கு முன் சரிவுக்குக் குறுக்காக மண்வெட்டியால் ஆழமற்ற கீறல்கள் இட்டு, மக்கிய மாட்டெருவைக் கலந்துவிட வேண்டும். வைக்கோல் உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை நுண்ணுயிர்கள் தற்காலிகமாக எடுத்துக்கொள்வதால் இளம்புல் மஞ்சளிக்கலாம். எரு அதை ஓரளவு ஈடுசெய்யும்.

பின்னர் ஒரு பேர்ச்சஸுக்கு (ஏறத்தாழ 25 சதுர மீட்டர்) 11 அல்லது 12 கிலோ வைக்கோலை உதறி உதறிப் பரப்ப வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: கட்டாகக் கிடக்கும் வைக்கோலின் அடியில் முளை வெளுத்து அழுகிவிடும். நின்றபடி குனிந்து பார்த்தால், வைக்கோலின் இடைவெளிகளில் மண் ஆங்காங்கே தெரிய வேண்டும். காற்பங்குக்கு மேல் தெரிந்தால் போர்வை போதாது. பரப்பியதை மண்வெட்டி விளிம்பால் ஆங்காங்கே மண்ணுக்குள் அழுத்திவிட்டால் ஓடும் நீர் அதை இழுக்காது. செங்குத்தான குளக்கட்டுச் சரிவாயின், முளையடித்துத் தும்புக் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவது அவசியம்.

மழை பிந்தினால் பூவாளியால் மென்மையாக நீர் தெளிக்கலாம். இதைவிடப் பெரிய கவலை மாடும் ஆடும். அவற்றுக்கு இது விரித்து வைத்த தீனி. முள்ளுக்கொப்பு வேலி இல்லாவிட்டால் ஒரே இரவில் உழைப்பெல்லாம் வீணாகும். புல் எழுந்த பின்னும் வைக்கோலை வாரி எடுக்கக் கூடாது. அது அங்கேயே உக்கட்டும். ஒரு புல்லை விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வேர் மண்ணை விடாமல் பற்றியிருந்தால் மட்டுமே வேலியைப் பிரிக்கலாம்.